பீடித் தட்டிலிருந்து ஆய்வேடு வரை: பண்புசார் ஆய்வு செய்வது எப்படி?

ஆய்வேட்டுக்குத் தலைப்பு என்ன என்று கேட்டால், நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ‘முக்கூடல் பீடித் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை’ என்பார்கள். தப்பில்லை. ஆனால் அதற்கு நூறு பேரிடம் படிவம் நிரப்பிச் சதவீதம் போட்டாலே வேலை முடிந்துவிடும். எண்ணிக்கையை விட்டு, ஆட்களின் பேச்சையும் அனுபவத்தையும் ஆராயும் பண்புசார் ஆய்வு (qualitative research) வேறு வேலை.

1. கேள்வியை மாற்றுங்கள்

‘எத்தனை பேர்’, ‘எவ்வளவு கூலி’ என்பதை விட்டுவிட்டு ‘எப்படி’, ‘ஏன்’ என்று கேளுங்கள். உதாரணமாக: வீட்டில் பீடி சுற்றும் பெண்கள் கூலிப் பிடித்தத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

2. அணுகுமுறை

ஒரு தெருவோடு மாதக்கணக்கில் பழகி அதன் வாழ்க்கையை எழுதினால் இனவரைவியல். இலையும் தூளும் கொடுத்துச் சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் பீடிக்கடை ஒன்றை மட்டும் ஆழமாகப் பார்த்தால் தனிநிலை ஆய்வு. தரவிலிருந்தே கோட்பாட்டை எழுப்புவது, கிளேசரும் ஸ்ட்ராசும் 1967-ல் முன்வைத்த கிரவுண்டட் தியரி. அதில் தரவு சேகரிப்பும் பகுப்பாய்வும் சேர்ந்தே நடக்கும். இன்று கண்டதை வைத்துத்தான் நாளை யாரைப் பார்ப்பது என்று முடிவாகும். ஆய்வேட்டுக் கெடு அதுவரை காத்திருக்காது. முதல் ஆய்வுக்கு, பேச்சுகளில் திரும்பத் திரும்ப வரும் பொருளைத் தேடித் தொகுக்கும் கருப்பொருள் பகுப்பாய்வே (thematic analysis) போதும் என்பேன். பிரவுனும் கிளார்க்கும் 2006-ல் அதை ஆறு கட்டங்களாக விளக்கியிருக்கிறார்கள்.

3. யாரிடம், எத்தனை பேரிடம்?

கானாவிலும் நைஜீரியாவிலும் எடுத்த 60 நேர்காணல்களை அலசிய ஒரு கட்டுரை 2006-ல் வந்தது. முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான குறிகள் (பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆய்வாளர் இடும் சிறு பெயர்கள், codes) கிடைத்துவிட்டதாக அதில் சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ‘12 போதும்’ என்று கிளம்பிவிடாதீர்கள்; அவர்கள் பேசியது ஓரளவு ஒரே மாதிரியான ஆட்களிடம். தன் பெயரில் பாஸ்புக் (பீடிக்கடைக் கணக்குப் புத்தகம்) உள்ளவர், இன்னொருவர் பெயரில் சுற்றுபவர், வயதான ஆச்சி, புதிதாகப் பழகும் பெண் என்று எல்லா வகையிலும் ஆள் தேடுங்கள்.

4. பேசப் போகும்போது

கடைக்காரர் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்தால், சுற்றிக் கொடுத்த பீடியைச் சரியில்லை என்று கழிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. வேறு வழியாகப் போங்கள். ஒலிப்பதிவுக்குச் சம்மதம் கேளுங்கள். அக்கா சுளகை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டேதான் பேசுவார்; கையை நிறுத்தினால் அன்றைய கூலி போச்சு. பேசியதை அன்றைக்கு ராத்திரியே, பேச்சுத் தமிழைத் திருத்தாமல் எழுதி எடுங்கள்.

5. குறியிடல்

பலரும் திணறுவது இங்கேதான். ஆயிரம் பீடி சுற்றக் கடையில் கொடுக்கும் இலையைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னதாக வைத்துக்கொள்வோம்:

“ஆயிரத்துக்கு எல காணாதுல்லா. கைக்காசப் போட்டு வாங்கணும். சுத்திக் கொண்டு போனா ரெண்டு கட்டக் கழிச்சுப் போட்டுருவாவ. எதுத்துக் கேட்டா நாளைக்கு எல கெடைக்காது.”

புதியவர் ஓரத்தில் ‘வறுமை’ என்று எழுதுவார். அது அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மனதில் இருந்தது. இந்தப் பேச்சில் எங்கே இருக்கிறது? வரிவரியாகப் பாருங்கள்: ‘இலை காணாது’, ‘கைக்காசு போடுதல்’, ‘கழித்தல்’, ‘கேட்கப் பயம்’. நாலு வரி, நாலு குறி. இதற்கு என்விவோ (NVivo) மாதிரி தனி மென்பொருள் எல்லாம் தேவையில்லை, எக்செல் போதும்.

6. கருப்பொருள்

இப்போது குறிகளைச் சேர்த்துப் பாருங்கள். முதல் மூன்றும் ‘தொழிலின் செலவும் நஷ்டமும் சுற்றுபவர் தலையில் விழுகிறது’ என்று ஒன்றுகூடுகின்றன. நாலாவது அதில் ஒட்டவில்லை. மற்ற நேர்காணல்களிலும் அது வந்தால் ‘இலை கிடைப்பதே கடைக்காரர் தயவு’ என்று தனியாக நிற்கும். கருப்பொருள் ஒரு வாதமாக இருக்க வேண்டும். ‘கூலி’, ‘உடல்நலம்’ என்பவை வெறும் தலைப்புகள்.

அப்புறம், ‘எங்க கடைக்காரர் நல்லவரு’ என்று ஒருவராவது சொல்வார். அவரை ஒதுக்காதீர்கள். அவர் கடைக்காரருக்கு உறவா, எண்ணிக்கை தவறாமல் சுற்றித் தரும் வேகக்காரரா என்று பாருங்கள். உங்கள் கருப்பொருள் எதுவரை செல்லும் என்பது அவரிடம்தான் தெரியும்.

7. எழுதும்போது

பெயரை மட்டும் மாற்றினால் காணாது. ‘இந்தத் தெருவில் இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக இருப்பவர்’ என்று எழுதினால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். தெருவை எடுத்துவிடுங்கள், கடையின் பெயரையும்தான்.