கீமோ வேர்வை: நான் பண்ணின தப்ப நீங்களும் பண்ணாதீங்க

போன மாசம் காலையில சிங்கப்பூர்ல எங்க ப்ளாக் லிஃப்ட்ல ஒரு தம்பியப் பாத்தேன். ரெண்டாவது கீமோ முடிஞ்சு ஒம்பதாவது நாள், சட்டை முதுகோட ஒட்டிக் கெடக்கு. என்னப்பான்னு கேட்டா, "ராத்திரி பூரா வேர்த்துச்சுக்கா, நல்லா வேர்த்து விட்டாச்சு, இப்ப உடம்பு லேசா இருக்கு"ன்னு சிரிக்கிறாரு. எனக்கு வயித்துல புளியக் கரைச்சிருச்சு, ஏன்னா 2017ல இதே ஒம்பதாவது நாள் இதே வசனத்த நானும் பேசியிருக்கேன்.

நான் டாக்டர் இல்ல. மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்தவ, இப்ப தெரிஞ்சவங்களுக்குத் துணையா கீமோ நாள்ல கூடப் போய் உக்காந்துருக்கிறவ, அவ்வளவுதான். காட்டன் போடுங்க, ஃபேனப் போடுங்கன்னு நர்ஸே சொல்லிடுவாங்க, அத விட்டுடுறேன்.

வேர்த்துட்டா காய்ச்சல் விட்டுச்சுன்னு நம்புறது

கீமோவுல வேர்வைக்குப் பல காரணம் இருக்கு. பொம்பளைங்களுக்கு சினைப்பை வேலை நின்னுபோய் மாதவிலக்கு முடிஞ்சவங்க மாதிரி திடீர்னு மொகமெல்லாம் தீயா எரிஞ்சு கொட்டும். வாந்திக்குக் குடுக்குற டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு, அதுவும் வேர்க்க வைக்கும், தூக்கத்தையும் கெடுக்கும். இதெல்லாம் தொல்லை, உயிருக்கு ஆபத்தில்ல. இன்னொண்ணு கிருமி உள்ள பூந்து காய்ச்சல் ஏறி எறங்குறப்ப வர்ற வேர்வை. நைட்டி நனையிறது எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் நனையும், பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க மொத வழி தெர்மாமீட்டர்.

எனக்கு என்னாச்சுன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு குளிருது, பல்லு கிடுகிடுன்னு அடிக்குது, ஏர்கான நிறுத்திட்டுப் போர்த்திக்கிட்டேன். மாமியார் எந்திரிச்சு வந்து தொட்டுப் பாத்துட்டு "மருந்து சூடும்மா, சூடு வெளிய போவட்டும், ரெண்டு பனடால் போட்டுப் படு"ன்னாங்க. போட்டேன். அரை மணி நேரத்துல குளிச்ச மாதிரி வேர்த்துக் கொட்டுச்சு, தலகாணி ஒற எல்லாம் ஈரம், அப்புறம் என்னா சொகம்! தூங்கிட்டேன். காலையில வீட்டுக்காரரு நெத்தியில காட்டுற தெர்மாமீட்டர் கன்ன எடுத்து வேர்வையோட இருந்த என் நெத்தியில பிடிச்சாரு, 36.4. எல்லாரும் சந்தோசமா தோசை சாப்ட்டோம். சாயங்காலம் மறுபடி நடுக்கம் வந்து, வாயில வெச்சுப் பாத்தா 39.2. ஏ அண்ட் இ (அவசர சிகிச்சைப் பிரிவு) போனா, கிருமியோட சண்ட போடுற வெள்ளை அணு கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஆறு நாள் படுக்கையில ஆன்டிபயாடிக் ட்ரிப், அடுத்த கீமோ ஒரு வாரம் தள்ளிப் போச்சு. அந்தப் பதினாறு மணி நேரத்த நெனச்சா இப்பவும் எரிச்சலா வருது, யார் மேலயும் இல்ல, என் மேலதான்.

இதுல மூணு தப்பு கோத்துக் கெடக்கு. மொதல்ல அந்த சூடுங்கற வார்த்தை. நம்ம வீட்டுல வாய்ப்புண்ணு வந்தாலும் சூடு, மூத்திரம் கடுத்தாலும் சூடு, வெந்தயத்த ஊற வெச்சுக் குடுத்தா சரியாப் போயிடும். சாதாரண நாள்ல அது போகட்டும், கீமோ நேரத்துல "சூடு"ன்னு யாராச்சும் சொன்னா எத்தன டிகிரின்னு திருப்பிக் கேளுங்க. ரெண்டாவது, பனடால் காய்ச்சல எறக்கும், கிருமிய ஒண்ணும் பண்ணாது. எறக்குறப்ப வர்றதுதான் அந்த வேர்வை, நாம அதப் பாத்து குணமாச்சுன்னு நெனக்கிறோம். அளந்து பாக்காம, ஆஸ்பத்திரியில கேக்காம போடவே கூடாது. மூணாவது அந்த நெத்தி கன்னு. கோவிட் நேரத்துல கடை வாசல்ல எல்லாம் அதப் பாத்துப் பழகிட்டோம், ஆனா நெத்தி வேர்த்திருந்தா தோல் குளுந்துபோய் கொறச்சுக் காட்டும். 2003ல சார்ஸ் வந்தப்ப பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குக் குடுத்தாங்களே வாயில வெக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர், அந்த மாதிரி ஒண்ணு போதும், விலையும் கம்மி. நாக்குக்கு அடியில வெச்சு வாய மூடிக்கணும், சூடா கோப்பியோ ஐஸ் தண்ணியோ குடிச்சிருந்தா அரை மணி நேரம் பொறுத்துட்டு வைங்க.

38 டிகிரியோ அதுக்கு மேலயோ இருந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, பாலிகிளினிக்குக்கும் போவாதீங்க. ஆஸ்பத்திரி குடுத்த கார்டுல இருக்குற நம்பருக்கு அடிச்சுட்டு நேரா ஏ அண்ட் இ. கவுன்டர்ல மொத வார்த்தையே "கீமோ, ஒம்பதாவது நாள், காய்ச்சல்"னு இருக்கணும், வேர்க்குதுன்னு ஆரம்பிச்சா நாற்காலியில உக்கார வெச்சிடுவாங்க. வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏத்துறதுதான் கணக்கு. பொதுவா கீமோ போட்டு 7ல இருந்து 14 நாளுக்குள்ளதான் வெள்ளை அணு அடியில கெடக்கும், காலண்டர்ல அந்த நாளுங்கள செவப்புப் பேனாவால வட்டம் போட்டு வைங்க. தெர்மாமீட்டர் 37.5ன்னு காட்டினாலும் ஒடம்பு தூக்கிப்போட்டு நடுங்குச்சுன்னா அப்பவும் கூப்பிடணும். மயக்கம், மூச்சுத் திணறல்னா ஆம்புலன்ஸுக்கு 995.

அந்தத் தம்பிய லிஃப்ட்லயே நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து வாயில வெச்சேன். 38.3. டாக்சி வர்ற வரைக்கும் "சும்மா வேர்வைதானேக்கா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

வேர்க்குதுன்னு தண்ணியக் கொறைக்கிறது

இப்படியும் ஆளுங்க இருக்காங்க, நெசமாத்தான். வேர்வையில போன தண்ணிய யார் திருப்பித் தருவா? சைக்ளோபாஸ்ஃபமைட்ங்கற கீமோ மருந்து போடுறவங்களுக்கு மூத்திரப்பைய வேற அது அரிக்கும், தண்ணி குடிச்சு அடிக்கடி போயிக்கிட்டே இருக்கணும். கிட்னி, இதயப் பிரச்சினை இருந்தா மட்டும் எவ்வளவு குடிக்கலாம்னு கேட்டுக்கங்க.

மாத்திரைய நீங்களா நிறுத்துறது

வேர்வைக்கு டெக்ஸாதான் காரணம்னு கண்டுபிடிச்சுட்டு நானே அத விட்டுட்டேன், அடுத்த நாள் வாந்தி குடல் வெளிய வர்ற மாதிரி வந்துச்சு. நர்ஸ்கிட்ட சொன்னப்புறம் சாயங்கால டோஸக் காலையிலயே போட்டுக்கலாம்னு மாத்தினாங்க, ராத்திரி வேர்வையில பாதி அதோட போச்சு. கேட்டிருந்தா மொத நாளே முடிஞ்சிருக்கும். கீமோவுக்கு அப்புறம் டமாக்ஸிஃபென்ங்கற ஹார்மோன் மாத்திரை போடுறவங்களுக்கும் வேர்க்கும், அதையும் நிறுத்தக்கூடாது. வேர்வையக் கொறைக்க டாக்டர் தர்ற மாத்திரைங்க இருக்கு, ஆனா தோழி போடுறதக் கடன் வாங்காதீங்க, பராக்ஸெட்டின் மாதிரி சிலது டமாக்ஸிஃபென் வேலையக் கெடுத்துடும். நாட்டு மருந்து, சீன மருந்துக் கடை வேரு எதுவானாலும் கீமோ ஃபார்மசிஸ்ட்கிட்ட காட்டிட்டு அப்புறம் வாய்க்குக் கொண்டுபோங்க.

நனைஞ்ச துணிய குடும்பத் துணியோட போடுறது

கீமோ போட்டு மொத ரெண்டு நாள் வேர்வையிலயும் மருந்து கொஞ்சம் கலந்திருக்கும். தனியா தொவைங்க, எடுக்கிறவங்க கையொற போட்டுக்கட்டும். பேரப்பிள்ளையக் கட்டிப் பிடிக்கலாம், அதுக்குப் பயப்பட வேணாம்.

மார்புக்கு அடியில பவுடர் அப்புறது

வேணாம். ஈரத்தோட சேந்து களியாகி தோல் வெந்துபோகும்.

தீபாவளிக்குப் பட்டு

அடுத்த வருசம் கட்டிக்கலாம்.

விக்கோட எம்ஆர்டி

தேக்கா மார்க்கெட்ல அரை மணி நேரம் நின்னுட்டு ரயில் ஏர்கான்ல ஏறினா விக்குக்குள்ள வேர்வை ஐஸாயிடும், தலையெல்லாம் குடையும். நாலு கீமோ வரைக்கும் பிடிவாதமா மாட்டிக்கிட்டிருந்தேன், அப்புறம் என் மகன் பழைய காட்டன் டி-சட்டையக் கிழிச்சு ஒரு தொப்பி தச்சுக் குடுத்தான், கோணலா இருக்கும், மீதி கீமோ எல்லாத்துக்கும் அதத்தான் போட்டுக்கிட்டுப் போனேன்.