ஏபிடி: உபுண்டுவில் மென்பொருளை நிறுவ, நீக்க

ஏபிடி என்பது கட்டளை தட்டி மென்பொருளை நிறுவவும் நீக்கவும் உதவும் கருவி. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் என்ற மூன்று லினக்ஸ் வகைகளுக்கும் ஏபிடி கட்டளைகள் பொதுவானவை. இங்கே தமிழில் இருப்பதை டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டவும். நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோ என்பது எஸ், யு, டி (D), ஓ; ஏபிடி என்பது அந்த மூன்றே எழுத்து. உதாரணத்துக்கு விஎல்சி பிளேயரை எடுத்துக்கொள்வோம்.

படி 1: பட்டியலைப் புதுப்பித்தல்

உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும்.

சூடோ ஏபிடி அப்டேட்

கடவுச்சொல் தட்டும்போது பெரும்பாலும் திரையில் ஒன்றும் தெரியாது, புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுவிடவில்லை, தட்டி முடித்து என்டர் கொடுங்கள். இந்தக் கட்டளை எந்த மென்பொருளையும் மாற்றாது, சர்வரில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் இறக்கும். பழைய பட்டியலோடு நிறுவப் போனால், சர்வரில் இப்போது இல்லாத பதிப்பைத் தேடி 404 பிழையில் நிற்கலாம்.

படி 2: நிறுவுதல்

சூடோ ஏபிடி இன்ஸ்டால் விஎல்சி

பேக்கேஜ் (நிறுவ வேண்டிய மென்பொருள் பொதி) கிடைக்கவில்லை என்று வந்தால் முதலில் எழுத்துப்பிழையைப் பாருங்கள். சரியான பெயர் தெரியாவிட்டால் 'ஏபிடி சர்ச்' போட்டுத் தேடலாம், அதற்கு சூடோ வேண்டாம். பெயர் சரியாக இருந்தும் வரவில்லையா? உபுண்டுவில் விஎல்சி இருப்பது யுனிவர்ஸ் என்ற மென்பொருள் களஞ்சியத்தில். அது அணைந்திருந்தால் 'சூடோ ஆட்-ஏபிடி-ரெபாசிட்டரி யுனிவர்ஸ்' கொடுத்துவிட்டு மறுபடி அப்டேட் செய்யுங்கள்.

அடுத்து ஏபிடி, கூடவே வரும் பேக்கேஜ்களையும் பிடிக்கும் இடத்தையும் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். அங்கே ஒய் பெரிய எழுத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு: வெறும் என்டர் தட்டினாலே சம்மதம். அதனால் என்டருக்கு முன் 'ரிமூவ்ட்' அல்லது (புதிய ஏபிடியில்) 'ரிமூவிங்' என்ற தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிளேயரை நிறுவப் போய் நான்கு பேக்கேஜ் நீங்குவதாகச் சொன்னால் 'என்' (N) எழுத்தைத் தட்டி வெளியே வந்துவிடுங்கள்.

'லாக்' கிடைக்கவில்லை என்றால்

லாக் என்பது ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டும் பேக்கேஜ்களைக் கையாள விடும் பூட்டு. கணினியைப் போட்டவுடன் இந்தப் பிழை அடிக்கடி வரும். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். சில நிமிடம் பொறுத்தால் விலகும். லாக் கோப்பை அழித்துவிடு என்று பலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பேக்கேஜ் பதிவேட்டில் எழுதினால் பதிவேடே குழம்பிவிடும்.

நிறுவும் நடுவில் கரண்ட் போய்விட்டால், இந்த வரிசையில் கொடுக்கவும்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

படி 3: நீக்குதல்

சூடோ ஏபிடி ரிமூவ் விஎல்சி

இது நிரலை எடுத்துவிட்டு, இடிசி (etc) அடைவில் உள்ள அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ரிமூவுக்குப் பதில் 'பர்ஜ்' போட்டால் அவையும் போகும். அபாச்சி மாதிரி வெப் சர்வர் மென்பொருள்களில் இந்த வித்தியாசம் பெரிது: மறுபடி நிறுவும் எண்ணம் இருந்தால் ரிமூவ், அடியோடு தூக்க பர்ஜ். இரண்டுமே உங்கள் ஹோம் அடைவைத் தொடாது. அங்கிருக்கும் விஎல்சி அமைப்புகளைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

துணைக்கு வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாதவற்றைக் கழிக்க 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்'. இதிலும் பட்டியலைப் படித்த பிறகே என்டர்.

நீக்கினால் என்ன ஆகும் என்று சந்தேகமா? ஒத்திகை பார்க்கலாம்:

ஏபிடி -எஸ் ரிமூவ் பைத்தான்3

'-எஸ்' இருப்பதால் ஒன்றும் நீங்காது, பட்டியல் மட்டும் வரும். உபுண்டு டெஸ்க்டாப்பில் இந்தப் பட்டியல் மிக நீளமாக இருக்கும், டெஸ்க்டாப்பே அதில் அடங்கும். பைத்தானை ஒருபோதும் நீக்காதீர்கள். நீக்கும் கட்டளையில், கேட்காமலே சம்மதம் சொல்லிவிடும் '-ஒய்' சேர்க்கவும் வேண்டாம்.

உபுண்டு 22.04 முதல் பயர்பாக்ஸ், ஏபிடி அல்லாத ஸ்னாப் என்ற வேறு பேக்கேஜ் வடிவில் வருகிறது. ஏபிடியில் நீக்கியும் போகாவிட்டால், 'ஸ்னாப் லிஸ்ட்' கொடுத்துப் பார்த்துவிட்டு 'சூடோ ஸ்னாப் ரிமூவ் பயர்பாக்ஸ்' கொடுங்கள்.