அற இயற்கைவாத விவாதத்தைக் குழம்பாமல் படிப்பது எப்படி

அறவியல் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். "என்ன செய்வது சரி?" என்பது ஒரு கேள்வி, "சரி, தவறு என்பதெல்லாம் எந்த வகையைச் சேர்ந்த விஷயங்கள்?" என்பது வேறு கேள்வி. பெரிய கோட்பாடுகள் என்று நாம் கேள்விப்படுபவை முதல் கேள்விக்கான பதில்கள், நல்லது கெட்டதும் இயற்கை உலகின் பகுதிதானா என்ற இயற்கைவாதச் சண்டை நடப்பதோ இரண்டாவதில். எதைப் படித்தாலும் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று முதலில் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

முதல் கேள்விக்கு ஒரே ஒரு சம்பவம் போதும். சாகக் கிடக்கும் நண்பர் தன் பணத்தை ஒருவரிடம் சேர்க்கச் சொல்கிறார், நீங்களும் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், சாட்சி யாரும் இல்லை, அதே பணத்தில் பத்துப் பேருக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று அப்புறம் தெரியவருகிறது. பெந்தம், மில் வழிவந்த பயன்வாதி, மொத்தத்தில் எதனால் நன்மை அதிகம் என்று பார்ப்பார். (உடனே "வாக்கை மீறு" என்பார் என்று நினைக்க வேண்டாம், வாக்குறுதிகள் மீது மனிதர்களுக்கு உள்ள நம்பிக்கை குலைவதையும் அவர் கணக்கில் சேர்ப்பார்.) வசதிப்படும்போது வாக்கை மீறலாம் என்பதை எல்லோரும் விதியாக எடுத்துக்கொண்டால் வாக்குறுதி என்ற ஒன்றே மிஞ்சுமா என்பது காண்ட் 1785-ல் வைத்த சோதனை. அரிஸ்டாட்டில் வழியில் போகிறவர், நேர்மையும் இரக்கமும் விவேகமும் உள்ள ஒரு மனிதர் இந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வார் என்று கேட்பார். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

இனிதான் விஷயமே. நல்லது கெட்டது என்பவையும் இந்த இயற்கை உலகின் பகுதிதான், மற்ற உண்மைகளைப் போலவே அனுபவத்தாலும் ஆராய்ச்சியாலும் அறியக்கூடியவைதான் என்கிறது அற இயற்கைவாதம். இதற்கு எதிராக ஆங்கிலத் தத்துவவாதி ஜி. ஈ. மூர் 1903-ல் 'பிரின்சிபியா எதிகா' என்ற புத்தகத்தில் வைத்த வாதத்தை நீங்களே செய்து பார்க்கலாம். "நல்லது என்றால் இன்பம் தருவது" என்று ஒரு வரையறை எடுத்துக்கொண்டு, "இது இன்பம் தருகிறது, ஆனால் நல்லதா?" என்று கேளுங்கள். அர்த்தமுள்ள கேள்வியாகத்தான் இருக்கிறது. "இவர் என் அப்பாவின் அம்மா, ஆனால் எனக்குப் பாட்டியா?" என்பது அப்படி இல்லை, கேட்கும்போதே பதில் முடிந்துவிடுகிறது. எந்த இயற்கைப் பண்பைப் போட்டாலும் கேள்வி திறந்தே நிற்பதால், நன்மை எந்த இயற்கைப் பண்பும் அல்ல என்றார் மூர். ஆனால் இதே மூர், செயலின் சரி தவறை விளைவைக் கொண்டுதான் தீர்மானித்தார். இரண்டு கேள்விகளும் தனித்தனி என்பதற்கு அவரைவிட நல்ல சான்று கிடைக்காது.

என்னைக் கேட்டால் இந்த வாதத்துக்கு அதன் தகுதிக்கு மீறிய புகழ் கிடைத்துவிட்டது. நிரூபிக்க வேண்டியதையே மூர் முன்கூட்டி எடுத்துக்கொள்கிறார் என்று தத்துவவாதி ஃபிராங்கேனா 1939-லேயே ஒரு கட்டுரையில் காட்டிவிட்டார். அதோடு, "இது தண்ணீர், ஆனால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருளா?" என்பதும் ஒரு காலத்தில் திறந்த கேள்விதானே? சொற்களின் அர்த்தம் வேறாக இருப்பதால் மட்டும் அவை குறிக்கும் பொருட்கள் வேறாகிவிடாது. 1980-களில் ஸ்டர்ஜன், பாய்ட், பிரிங்க் போன்ற தத்துவவாதிகள் இயற்கைவாதத்தை மீட்டெடுத்தது ஏறக்குறைய இந்த வழியில்தான்.

இதற்கு ஹோர்கன், டிம்மன்ஸ் என்ற இரு தத்துவவாதிகள் கொடுத்த பதிலடி இன்னும் கூர்மை. நம் பூமியைப் போலவே இருக்கும் இரட்டைப் பூமி ஒன்றைக் கற்பனை செய்யச் சொல்கிறார்கள், அங்கேயும் "நல்லது" என்ற சொல் செயல்களை வழிநடத்துகிறது, ஆனால் அந்தச் சொல்லோடு பிணைந்திருக்கும் இயற்கைப் பண்பு வேறு. அங்கே "தண்ணீர்" என்ற சொல் வேறொரு பொருளைக் குறித்தால் "அவர்கள் வேறு எதையோ பற்றிப் பேசுகிறார்கள்" என்று விட்டுவிடுவோம். "நல்லது" விஷயத்தில் அப்படி விட முடியுமா? அவர்கள் நம்மோடு முரண்படுகிறார்கள் என்றல்லவா தோன்றுகிறது? இந்த இடத்தில் அவசரப்படாமல் நின்று யோசியுங்கள், இயற்கைவாதிக்கு உண்மையிலேயே வலிக்கும் இடம் இது.

இரண்டு எச்சரிக்கைகள். "இயற்கையானதெல்லாம் நல்லது" என்று யாராவது சொல்வதும் நன்மையை ஏதாவது ஒரு இயற்கைப் பண்பாக வரையறுப்பதற்கு மூர் "இயற்கைவாதப் பிழை" என்று பெயரிட்டதும் ஒன்றல்ல, இணையத்தில் முக்கால்வாசிப் பேர் இதில்தான் சறுக்குகிறார்கள். அதேபோல், "இருக்கிறது" என்பதிலிருந்து "வேண்டும்" என்பதற்குத் தாவுவதைப் பற்றி ஹ்யூம் எழுப்பிய சந்தேகம் வாதத்தின் படிகளைப் பற்றியது, மூருடையது வரையறை பற்றியது. ஹ்யூமின் சந்தேகத்தை ஒப்புக்கொண்டபடியே இயற்கைவாதியாக இருக்க முடியும்.

அடுத்து எந்த இயற்கைவாதக் கோட்பாட்டைப் படித்தாலும் இதைக் கேட்டுப் பாருங்கள்: நீங்கள் சொல்லும் எல்லா உண்மைகளும் தெரிந்த ஒருவர், "அதனால் எனக்கென்ன?" என்று நகர்ந்துவிட்டால் அவரிடம் என்ன சொல்வீர்கள்? நம் விருப்பத்தைக் கேட்காமலேயே நம்மைக் கட்டுப்படுத்தும் விழுமியங்கள் இருந்தால், அவை உலகில் வேறெதையும் போல இல்லாத விசித்திரப் பொருட்களாக இருக்க வேண்டும், அப்படி எதுவும் இல்லை என்று 1977-ல் தத்துவவாதி மேக்கி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "எனக்கென்ன?" என்று நகர்ந்தவரிடம்தான் ஏதோ குறை என்பார்கள் சிலர், சிலர் அவரை அசைப்பது கோட்பாட்டின் வேலை இல்லை என்பார்கள். இரண்டாவது பதில் எனக்கு ஓரளவு ஒப்புதல்தான், முதல் பதில் நழுவல்.

படிக்கும் வரிசை வேண்டுமென்றால், மூரின் புத்தகத்தில் முதல் அத்தியாயம் மட்டும், அது சூடு ஆறுவதற்குள் ஃபிராங்கேனாவின் கட்டுரை, அப்புறம் பாய்ட். இரட்டைப் பூமியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாய்டைப் படிக்காமல் அங்கே போனால் அது யாரைத் தாக்குகிறது என்றே பிடிபடாது.