பத்தாண்டை ஒரு மண்சட்டியில் வைப்பது: அன்பியங்களுக்கான (பங்கின் அயல்வீட்டுச் செபக்குழுக்களுக்கான) வழிபாட்டு ஒழுங்கு

மார்கழி (டிசம்பர்) 31 இரவு நன்றித் திருப்பலி எப்படியும் நடக்கும். ஆனால் பத்து வருடத்தைத் திரும்பிப் பார்க்க அந்த இரவு சரிவராது. பிள்ளைகளின் கண் வெடியில், பெரியவர்களின் கண் மணிக்கூட்டில். மார்கழி 28 மாலையை எடுங்கள். அன்று மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோதுவால் கொல்லப்பட்ட பிள்ளைகளுக்காக ராகேல் அழுகிறாள், ஆறுதலை ஏற்க மறுக்கிறாள் (மத்தேயு 2:18). போர் கண்ட நம் வன்னியில் ஒரு பத்தாண்டைத் திறக்க இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

பன்னிரண்டு முதல் பதினைந்து வீடுகள் போதும். அதற்கு மேல் சேர்ந்தால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நேரம் ஒன்றரை மணித்தியாலம்.

ஐந்து டிமை தாள்களை (பெரிய வரைதாள்)ப் பக்கம் பக்கமாக ஒட்டி, ஒரு தாளுக்கு இரண்டு வருடமாக 2016 முதல் 2025 வரை எழுதிச் சுவரில் தொங்கவிடுங்கள். "2018இல் என்ன நடந்தது?" என்று கேட்டால் யாருக்கும் நினைவு வராது. "இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து, நத்தாருக்கு முதல் வெள்ளம் வந்ததே" என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆகவே முதலே சில ஊன்றுகோல்களைக் குறித்துவையுங்கள்: 2019 சித்திரை (ஏப்ரல்) 21 உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்பு, கொரோனாவால் கோவில் பூட்டிக்கிடந்த 2020 புனித வாரம், 2021 இரசாயன உரத்தடை, 2022 மண்ணெண்ணெய் வரிசை, 2025 கார்த்திகையில் (நவம்பர்) டித்வா புயல். இடையில் வீட்டுக் கதைகளை அவர்களே எழுதட்டும்: கலியாணம், கிணறு, நுண்கடன், காலபோகம் (மாரிகால நெல்) அழிந்த வருடம். நுண்கடனை எழுதச் சிலர் கூச்சப்படுவார்கள். எழுதாவிட்டாலும் பரவாயில்லை, வற்புறுத்த வேண்டாம்.

ஒரு விடயத்தில் மட்டும் பிழை விடக்கூடாது. போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்களை இறந்தோருக்கான மன்றாட்டில் சேர்க்காதீர்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 மாசி (பெப்ரவரி) 20இல் பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டமாகக் குந்திய தாய்மார் மரணச் சான்றிதழையே வேண்டாம் என்கிறவர்கள். செபத்தில் அதை நாம் கொடுத்துவிடக்கூடாது. அவர்களுக்குத் தனி மன்றாட்டும் தனி மெழுகுதிரியும் வையுங்கள்.

முதலில் புலம்பல், பிறகுதான் நன்றி. திருப்பாடல் 13ஐ ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். முதல் இரண்டு வசனத்துக்குள் "எத்தனை நாள்" என்று நான்கு தரம் கேட்கிறது. வாசித்ததும் மூன்று நிமிட மௌனம், மணிக்கூட்டைப் பார்த்தே. ஒரு நிமிடத்திலேயே யாரோ பாட்டுத் தொடங்குவார், அனேகமாக நடத்துபவரே. மௌனத்துக்குப் பயந்துதான் அப்படி. முதலே சொல்லிவையுங்கள். நம் கிழவிகளுக்கு ஒப்பாரி தெரியும். யாராவது குரலெடுத்தால் தடுக்காதீர்கள்.

நன்றிக்குப் புலம்பல் ஆகமம் 3:22-23 போதும். இதை நீட்ட வேண்டியதில்லை, 31இல் கோவிலில் மீண்டும் வரும்.

நம்பிக்கைப் பகுதிக்கு எல்லோரும் எரேமியா 29:11ஐத்தான் எடுப்பார்கள். எடுத்தால் 10ஆம் வசனத்தோடு வாசியுங்கள்: அந்த வாக்குறுதி எழுபது வருடம் கழித்து நிறைவேறுவது. இந்த இரவுக்கு நல்லது 32ஆம் அதிகாரம். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருக்க, எரேமியா காவல்முற்றத்தில் அடைபட்டிருந்தபடியே அனத்தோத்தில் ஒரு காணியை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்குகிறார். எதிரி நிற்கிற காணி! உறுதியை எழுதி, சாட்சி வைத்து, முத்திரையிட்டு, நெடுநாள் கெடாதிருக்க மண்சட்டியில் வைக்கச் சொல்கிறார். இராணுவத்திடமிருந்து காணி விடுவிப்புக்குக் காத்திருக்கிறவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அதையே செய்யுங்கள். ஒவ்வொரு வீடும் அடுத்த பத்தாண்டில் தாங்கள் செய்யப்போகும் ஒரு காரியத்தை எழுதட்டும். "சமாதானம் வேண்டும்" போன்றது வேண்டாம். "மதிலோரம் பத்து முதிரை நடுவோம்" போன்றது வேண்டும். பென்சிலால் எழுதுங்கள், ஈரம் பட்டால் பேனை மை ஊறிவிடும். உண்மையான காணி உறுதியையோ அடையாள அட்டையையோ உள்ளே போட விடாதீர்கள். யாராவது நிச்சயம் கொண்டுவருவார்.

புதுச் சட்டி ஒன்று, இறுக்கமான மூடியோடு. மாரியில் மண்சட்டி ஈரத்தை இழுக்கும். ஆகவே தாள்களைப் பொலித்தீன் பையில் இட்டு, அடுப்பில் சூடாக்கி ஆறவைத்த சிரட்டைக்கரி ஒரு பிடியைத் துணியில் முடிந்து கூட வையுங்கள். மூடியின் விளிம்பில் மெழுகு ஊற்றுங்கள். மண்ணில் புதைக்க வேண்டாம், எரேமியாவும் புதைக்கச் சொல்லவில்லை. நம் நிலத்தில் கறையானுக்குப் பொலித்தீன் பெரிய காரியமில்லை. கோவில் அறையில், சுவரில் முட்டாத தட்டில் வையுங்கள்.

திறக்கும் நாளையும் அன்பியத்தின் பெயரையும் சட்டியில் பெயின்றால் எழுதி, பங்குப் பதிவேட்டிலும் ஒரு வரி எழுதுவியுங்கள். பத்து வருடத்தில் பங்குத்தந்தை இரண்டு மூன்று தரமாவது மாறுவார். வரியில்லாத சட்டியைப் புதியவர் துப்புரவுப் பணியன்று வெளியே போட்டுவிடுவார்.