அடிபட்ட கோழிக்கு மலைக்குளிரில் முதலுதவி

கீரியோ நாயோ கவ்விப்போட்ட கோழியைத் தூக்கியதும் வீட்டில் முதலில் தேடுவது மஞ்சள்தூள் டப்பாவை. கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் அது மூன்றாவது வேலையாகத்தான் இருக்க வேண்டும். கோழியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். ரத்தம் போய், பயத்தில் ஒடுங்கி, சாரலில் இறகு ஊறிக் கிடந்தால் அந்தச் சூடு மளமளவென்று இறங்கிவிடும். புண் ஆறக்கூடியதாக இருந்தும் விடிவதற்குள் விறைத்துக் கிடக்கும் கோழிகள் பெரும்பாலும் குளிரில் போனவை. முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள், அடுத்து உடம்பைச் சூடாக்குங்கள், அப்புறம் புண்ணைப் பாருங்கள்.

ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. உறைந்த ரத்தம் பெயர்ந்து மறுபடி கசியும். நகம் பிய்ந்திருந்தால் சோளமாவு அல்லது படிகாரப் பொடியை அப்பி அழுத்தலாம். கொண்டைக் காயம் சிறியதானாலும் ரத்தம் நிறையக் கொட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அடுத்து ஒரு அட்டைப்பெட்டி. அடியில் பழைய துண்டு விரியுங்கள். மரத்தூளும் உமியும் புண்ணில் ஒட்டும். ஈர இறகைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அரை லிட்டர் பாட்டில் இரண்டில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, துணி சுற்றி, இரு பக்கமும் வையுங்கள். ஆறிய பாட்டில் கோழியின் சூட்டையே உறிஞ்சும் என்பதால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து மாற்ற வேண்டும். கரண்ட் இருந்தால் 40 அல்லது 60 வாட் குண்டு பல்பைப் பெட்டியின் ஒரு மூலைக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடலாம். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும். மறு மூலை ஆறியே இருக்கட்டும், வேண்டிய இடத்துக்குக் கோழியே நகர்ந்துகொள்ளும். அலகைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

கரிக் கணப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரி எரிந்து வரும் வாயு மனிதரையே கொல்லும், கோழி அதற்கும் முன்னால் போய்விடும்.

பாதம் கதகதப்பாகி, தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டால் தண்ணீர் காட்டலாம். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் சரிதான். அலகைப் பிளந்து ஊற்றாதீர்கள்: மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால் திறந்தபடி இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே சப்பிக்கொள்ளும். விழுங்கியபின் அடுத்த சொட்டு.

இந்த இடைவெளியில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையாகக் கழிந்தால் அது அடி அல்ல, வெள்ளைக்கழிச்சல் (ராணிகேட்) நோயாக இருக்கலாம். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடக்கும் இளம் கோழிக்கு மேரெக் நோய் இருக்கக்கூடும். இரண்டுமே மற்ற கோழிகளுக்குப் பரவும். உடனே பிரித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனிப் புண். தலையைத் துணியால் மூடினால் கோழி அடங்கும். இறகை விலக்கி முதுகு, இறக்கைக்கு அடி, எச்சத் துவாரத்தைச் சுற்றி எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். கீரி, பூனை, மரநாய் கடித்தால் வெளியே தெரிவது மிளகளவு ஓட்டைதான், உள்ளே தசை கிழிந்திருக்கும். ஒரு ஓட்டை தெரிந்தால் எதிர்ப்பக்கம் இன்னொன்று இருக்கலாம். சுற்றிலும் அரை அங்குலத்துக்கு இறகைக் கத்தரியுங்கள், பிடுங்கினால் தோலும் சேர்ந்து வரும். அடித்தண்டு கருநீலமாக இருக்கும் வளரும் இறகில் ரத்தம் ஓடுகிறது, அதில் கத்தரி படக் கூடாது.

கழுவும் நீர்: கொதித்து ஆறிய 1 லிட்டரில் 9 கிராம் உப்பு, ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி. வெதுவெதுப்பாக 20 மில்லி சிரிஞ்சில் ஊசியில்லாமல் எடுத்து, மண்ணும் இறகுத் துணுக்கும் வெளியேறும்வரை பீய்ச்சுங்கள். பிறகு 5 சதவீத போவிடோன் அயோடின் கிருமிநாசினி ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து, இளந்தேநீர் நிறத்தில் ஒருமுறை ஊற்றினால் போதும். டெட்டாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். முளைக்கும் புதுத்தசையையும் சேர்த்து எரிக்கும். புண்ணிலிருந்து காற்றுக்குமிழ் வந்தால் நுரையீரலோடு இணைந்த காற்றுப்பை கிழிந்திருக்கிறது. அதில் ஒரு சொட்டும் விடாமல், ஈரத் துணியால் மூடி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவது மேல்தோல் சிராய்ப்புக்குச் சரி. ஆழமான கடிக்குள் அப்பினால் வாய் அடைபட்டு உள்ளே சீழ் கட்டும். அதோடு, எண்ணெய் பட்ட இறகு படிந்துபோகும், குளிர் தாங்காது. சமவெளியில் பொறுத்துப்போகிற இந்தத் தவறை ஊட்டியின் மார்கழி இரவு பொறுக்காது. திறந்த புண்ணுக்குத் தேனை மெல்லியதாகத் தடவி, காஸ் துணி வைத்துக் கட்டலாம். எறும்பு வராமல் பெட்டியை ஸ்டூல்மேல் வைத்து, ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்த வேண்டியிருக்கும். தினம் ஒருமுறை கழுவி மாற்றுங்கள்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மழைக்காலத்தில் ஈ முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும். காலையும் மாலையும் பாருங்கள். ரவை போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் முட்டை. புழுவை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, உப்புநீர் பீய்ச்சுங்கள். டர்பன்டைன், பினாயில், பெட்ரோல் எதுவும் ஊற்றாதீர்கள்.

எலும்பு முறிவில் வீட்டில் கட்டக்கூடியது செதில் மூடிய கீழ்க்கால் மட்டும், அதுவும் தோல் கிழியாமல் இருந்தால். நேராக்கி, பஞ்சு சுற்றி, இரு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சியோ மூங்கில் சிம்போ வைத்து மைக்ரோபோர் டேப் சுற்றுங்கள். விரல்கள் வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம், அவிழ்த்துக் கட்டுங்கள். 3 வாரம் அப்படியே இருக்கட்டும். தொங்கும் இறக்கையை மடித்து உடம்போடு கட்டும்போது மார்பெலும்புக்குமேல் ஒரு விரல் நுழையும்படி விடுங்கள். கோழிக்கு உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கினால் கட்டே அதைக் கொன்றுவிடும்.

எலும்பு வெளியே தெரிந்தால், தொடை முறிந்தால், கழுத்தடி இரைப்பை கிழிந்து தீனி வெளியே வந்தால், எந்தப் பிராணி கடித்திருந்தாலும், அன்றைக்கே அரசு கால்நடை மருந்தகம் அல்லது 1962 என்ற கால்நடை உதவி எண். கடிக்கு ஆன்டிபயாடிக் தாமதமானால் பயன் குறையும். தெருநாய் கடித்த கோழியைக் கையுறையோடு தொடுங்கள், அதை அறுத்துச் சாப்பிட வேண்டாம். வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து 2006இல் தடைசெய்யப்பட்டதே பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அது அழித்ததால்தான்.  கோழியின் சிறுநீரகத்துக்கும் அது நஞ்சு. மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டை உண்ணக் கூடாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீனிக்கு அவித்த முட்டை மஞ்சள்கரு, குழைந்த சோறு, ராகிக் களி. எச்சம் பச்சைத் தண்ணீராகவே வந்தால் சாப்பிடவில்லை என்று பொருள்.

புண் காய்ந்து தோல் மூடும்வரை கூட்டத்தில் விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்தும். கடைசி 4, 5 நாள் கம்பிவலைக்கு இந்தப்பக்கம் வைத்து முகம் பழக்கி, இருட்டியபின் மற்றவை அடைந்த கம்பில் ஏற்றி விடுங்கள். அதற்குள் கூட்டையும் பாருங்கள்: மெல்லிய அறுகோணக் கோழிவலையை நாய் கிழித்துவிடும், அரை அங்குல வெல்ட் மெஷ்தான் (பற்றவைத்த கம்பிவலை) நிற்கும், அடிப்பக்கம் ஒரு அடி மண்ணுக்குள் இறங்க வேண்டும். கீரிக்கும் மரநாய்க்கும் சுருக்கு வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.