பதிவுத் திருமணத்துக்கு முன் பணக் கணக்கை எழுதிக்கொள்வது எப்படி?

சிறப்புத் திருமணச் சட்டப்படி (1954) சார்பதிவாளரிடம் நோட்டீஸ் கொடுத்தால் 30 நாள் காத்திருக்க வேண்டும். ராயபுரமோ வியாசர்பாடியோ, அந்த ஒரு மாதம் பெரும்பாலும் மூன்று சாட்சிகளைத் தேடுவதிலேயே ஓடிவிடுகிறது. பணக் கணக்கை உட்கார்ந்து எழுத அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

எதை எழுதக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். வெளிநாடுகளில் சிவில் பார்ட்னர்ஷிப்புக்கு (திருமணம் போலவே பதிவு செய்துகொள்ளும் துணை உறவு) முன் போடும் ஒப்பந்த மாதிரியை இணையத்தில் எடுத்து அப்படியே நிரப்பாதீர்கள். ‘பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்’ என்ற வரி இங்கே நிற்காது. பொதுநலனுக்கு விரோதம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் (1872) 23-வது பிரிவைக் காட்டி நீதிமன்றம் தள்ளிவிடும். ‘இத்தனை சவரன் போடுகிறோம்’ என்று எழுதினால் அது வரதட்சணை ஒப்பந்தம். செல்லாது என்பதோடு, குற்றமும்கூட. எது யாருடையது, யார் எவ்வளவு போட்டார் என்ற பதிவுக்குத்தான் இங்கே பலம்.

நகையில் தொடங்குங்கள். வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் 1985-ஆம் ஆண்டு விதிகளின்படி மணமகளுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு பட்டியல், மணமகனுக்கு வந்தவற்றுக்கு ஒரு பட்டியல். ஒவ்வொன்றிலும் பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு. கடைசியில் இருவர் கையெழுத்தும். ‘செயின் 1’ என்று எழுதினால் நாளைக்கு எந்தச் செயின் என்றே சண்டை வரும். ‘முறுக்குச் செயின், 3 சவரன், 24 கிராம், பில் எண், பெரிய அத்தை கொடுத்தது’ என்று எழுதுங்கள். புது நகையில் ஹால்மார்க் முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி குறி (அந்த நகைக்கே உரிய தனி அடையாளம்) பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்து அதையும் சேருங்கள். பழைய நகை என்றால் எடை போட்டுப் படம் எடுத்து வைத்தால் போதும்.

பின்னால் அந்த நகை அடகுக்குப் போனால் ரசீதைப் பட்டியலோடு வையுங்கள். பெண்ணின் நகை அவருக்கே சொந்தம், கஷ்டத்துக்குக் கணவர் எடுத்தாலும் திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் மறுபடியும் சொல்லியிருக்கிறது. ஆனால் எடுத்தார் என்பதற்குக் காகிதம் வேண்டுமே.

அடுத்தது கடன். எடுக்காத சீட்டு சேமிப்பு. எடுத்துவிட்ட சீட்டு கடன். குழுக் கடனையும், நண்பனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். அவன் கட்டாவிட்டால் முழுத் தொகையும் ஜாமீன் போட்டவர் தலையில்தான்.

லீசுக்கு வீடு பிடிக்கிறீர்களா? இருவர் பணமும் போகிறதென்றால் இருவர் பெயரிலும் ஒப்பந்தம் போடுங்கள். தொகை வங்கி வழியாகப் போகட்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீசைப் பதிவு செய்தே ஆக வேண்டும். மூன்று வருட லீசை வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிவிட்டு, தகராறு வந்தபின் அந்தக் காகிதத்தை நம்பி நிற்க முடியாது. மாமனார் வீட்டில் மாடி கட்டப் பணம் கொடுத்தால் கடன் என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எழுதாவிட்டால், பத்திரம் அவர் பெயரில் இருப்பதால் பணம் அன்பளிப்பாகிவிடும்.

இவை எல்லாவற்றையும் ஸ்டாம்ப் பேப்பரில் இரண்டு அசலாக எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளோடு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தன்பாலின ஜோடிகளின் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டம் தராத பாதுகாப்பைக் காகிதம்தான் ஓரளவு தர வேண்டும் என்பதால் அவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. அதோடு உயிலும் கட்டாயம் எழுதுங்கள், நாமினி என்பவர் வாரிசு ஆகிவிட மாட்டார்.

வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவர் மணந்தால் உயிலைப் பதிவுக்குப் பிறகு எழுதுங்கள்; முன்பே எழுதியது திருமணத்தோடு ரத்தாகிவிடும். பிஎஃப்பிலும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்ட நாமினேஷன் செல்லாமல் போகும். சான்றிதழ் கையில் வந்த வாரத்திலேயே இபிஎஃப்ஓ தளத்தில் புதிதாகப் போட்டுவிடுங்கள்.