அட்டெனுவேட்டர் டயலை ஸ்குவிட் வைத்துச் சரிபார்ப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரேடியோ, ஆண்டெனா ரிப்பேர் செய்கிறேன். தோட்டத்திலிருந்து படித்துப் போன என் அக்கா மகள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இந்த வேலையைத் தொடங்குகிறாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

அட்டெனுவேட்டர் என்பது சிக்னலின் வலிமையைக் குறைக்கும் கருவி; எவ்வளவு குறைக்கிறது என்பதை அதன் டயல் டெசிபலில் காட்டும். டயல் 7 டெசிபல் என்று காட்டினால், எதை வைத்து நம்புவது? இன்னொரு அட்டெனுவேட்டரை வைத்தா? அதை யார் சரிபார்த்தது? மிக நுண்ணிய காந்தப் புலத்தையும் உணரும் ஸ்குவிட் என்ற மீக்கடத்திக் கருவியில் அந்தத் தொல்லையே இல்லை. ஜோசப்சன் சந்தி (மீக்கடத்திகளுக்கு இடையே உள்ள மெல்லிய, பலவீனமான இணைப்பு) உள்ள நியோபிய உலோக வளையம், 4.2 கெல்வின் திரவ ஹீலியத்தில் இருக்கும். வளையத்தின் வழியே போகும் காந்தப் பாயம் (காந்தப் புலத்தின் மொத்த அளவு) ஏற ஏற அதன் பதில் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அளவுகோலை இயற்கையே போட்டுத் தந்திருக்கிறது!

30 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை அட்டெனுவேட்டர் வழியாக ஸ்குவிட்டுக்குக் கொடு. கூடவே 1 கிலோஹெர்ட்ஸ் சிறு சிக்னலும் கொடுத்து, அதன் வெளியீட்டை மட்டும் கவனி. டயலை மெல்லக் குறைத்து வா. வெளியீடு பூஜ்யமாகும் இடத்தில் எண்ணைக் குறித்துக்கொள். இன்னும் குறை, மறுபடி பூஜ்யம் வரும்.

இந்தப் பூஜ்யங்கள் பெசல் சார்பு என்ற கணிதச் சார்பு பூஜ்யமாகும் 2.405, 5.520, 8.654 என்ற இடங்களில் விழுகின்றன. ஆக, அடுத்தடுத்த எண்களின் விகிதத்தை டெசிபலாக மாற்றினால், முதல் இடைவெளி 7.22 டெசிபல், அடுத்தது 3.91. டயல் வேறு எண் காட்டினால் அந்த வித்தியாசம்தான் டயலின் பிழை.

பூஜ்யத்தை இரு பக்கமிருந்தும் நெருங்கி, நடுப்புள்ளியை எடு. கேபிளை இடையில் தொடாதே. அப்புறம் முக்கியமானது: ஹீலிய ஆவி காற்றில் ஆக்சிஜனைக் குறைத்துவிடும், கதவை அடைத்துக்கொண்டு வேலை செய்யாதே, அம்மா.